இரு வகைப் பந்தயமும் ஓட்டுநர் திறனும்

மோட்டார்ப் பந்தயங்களில் ஈடுபாடுடைய மாணவர்கள் கூடுமிடங்களில் ஒரு வழக்கு ஓயாமல் நடந்துவருகிறது. சக்கரங்கள் வெளியே தெரியும் மெல்லிய வண்டியில் அமர்ந்து பார்முலா ஒன் பந்தயத்திலோ இண்டியானாபொலிஸ் பந்தயத்திலோ ஓட்டுகிறவர் சிறந்தவரா? சாலையில் செல்லும் காரின் தோற்றமுடைய கனத்த வண்டியில் அமர்ந்து அமெரிக்காவின் நாஸ்கார் பந்தயத்தில் ஓட்டுகிறவர் சிறந்தவரா? “இடப்பக்கமே திரும்பிக்கொண்டிருப்பதும் ஒரு வித்தையா?” என்று ஒரு கட்சியார் நகைக்கின்றனர். “ஒருவரை ஒருவர் தொடவும் அஞ்சி வரிசையாகச் செல்வதும் ஒரு போட்டியா?” என்று மற்றக் கட்சியார் திருப்பிக் கேட்கின்றனர்.

நேயர்களே, தீர்ப்புக்கு முன் சாட்சிகளை விசாரிப்பதே முறை. இவ்வழக்கில் சாட்சிகள் இருவகை. ஒன்று, வண்டியின் இயல்பு. மற்றொன்று, ஒரு வகைப் பந்தயத்திலிருந்து மற்றொரு வகைக்கு மாறி ஓட்டிப் பார்த்தவர்களின் வரலாறு. இவ்விரண்டையும் கேட்ட பிறகு, நாம் எழுப்பிய கேள்வியே சரியான கேள்விதானா என்பதையும் பார்ப்போம்.

முதலில் பெயர்களைத் தெளிவு செய்துகொள்வோம். ‘ஸ்டாக் கார்’ என்றால் கடையில் விற்பனைக்கென இருப்பில் உள்ள கார் என்பது பொருள். 1948 ஆம் ஆண்டில் பில் பிரான்ஸ் என்பவர் முன்னின்று நாஸ்கார் அமைப்பைத் தோற்றுவித்தார். 1949 இல் அதன் முதன்மைத் தொடர் தொடங்கியபோது, கடையில் வாங்கிய காரையே பெரும்பாலும் மாற்றமின்றி ஓட்டினார்கள். இன்று அந்தப் பெயர் மட்டுமே எஞ்சி நிற்கிறது. உள்ளே இருப்பது உருக்குக் குழாய்களாலான கூடும், பந்தயத்துக்கென்றே செய்த எஞ்சினும் ஆகும். மேலே போர்த்திய உடல்தான் கடைக் காரை நினைவூட்டுகிறது. திறந்த சக்கர வண்டியின் மரபு இதனினும் பழையது. இண்டியானாபொலிஸ் 500 மைல் பந்தயம் 1911 ஆம் ஆண்டிலும், பார்முலா ஒன் உலகப் பட்டப் போட்டி 1950 ஆம் ஆண்டிலும் தொடங்கின. இவ்வண்டிகளில் சக்கரங்களுக்கு மட்கார்டு கிடையாது. மற்றவை எல்லாம் இரண்டாம் பட்சம். இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து எத்தனையோ வேறுபாடுகள் கிளைக்கின்றன.

திறந்த சக்கர வண்டியின் சாட்சியத்தை முதலில் கேட்போம். 2025 ஆம் ஆண்டு விதிப்படி ஒரு பார்முலா ஒன் வண்டியின் குறைந்த எடை, ஓட்டுநரையும் சேர்த்து, 800 கிலோகிராம். நாஸ்கார் வண்டியோ 1,500 கிலோகிராமுக்கும் மேற்பட்டது. ஏறத்தாழ இரு மடங்கு. இலேசான வண்டி பாதையில் எவ்வாறு ஒட்டிக்கொள்கிறது? காற்றே அதனை அழுத்திப் பிடிக்கிறது. விமானத்தின் இறக்கை காற்றால் மேலே தூக்கப்படுவது போல, தலைகீழாக அமைந்த இவ்வண்டியின் இறக்கைகளும், தரையை ஒட்டி அமைந்த அடிப்பகுதியும் வண்டியைக் கீழ்நோக்கி அழுத்துகின்றன. மிகுந்த வேகத்தில் இந்த அழுத்தம் வண்டியின் எடையையும் விஞ்சிவிடும்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. இந்த அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடிக் குறைவது. மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும் அழுத்தம், 150 கிலோமீட்டர் வேகத்தில் பாதியாவதில்லை; கால் பங்காகிவிடுகிறது. ஆகவே ஓட்டுநர் பிரேக்கை மிதிக்கத் தொடங்கும் கணத்தில் முழு வலிமையோடு மிதிக்கலாம். வேகம் குறையக் குறையப் பிடிப்பும் குறைவதால், காலைச் சிறிது சிறிதாகத் தளர்த்தவேண்டும். தளர்த்தாவிட்டால் சக்கரம் சுழலாமல் இறுகி வழுக்கிவிடும். அவ்வாறு இறுகாமல் தடுக்கும் தானியங்கிச் சாதனத்தைப் பார்முலா ஒன் விதிகள் 1994 முதல் அனுமதிப்பதில்லை. 300 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 80 கிலோமீட்டர் வேகத்துக்கு இறங்கும் இந்த நாடகம் முழுவதும் ஏறத்தாழ 100 முதல் 150 மீட்டர் தொலைவுக்குள், இரண்டு மூன்று விநாடிகளில் முடிந்துவிடுகிறது. அப்போது ஓட்டுநரின் உடலை முன்னோக்கித் தள்ளும் விசை, அவர் எடையைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு. இதனை ஒரு பந்தயத்தில் பல நூறு முறை, ஒரே அளவாகச் செய்யவேண்டும். கண்ணாடியில் கோடு கிழிப்பவனின் துல்லியம் போன்றது இத்திறன். கோடு சிறிது விலகினாலும் பொருள் பாழ்.

இனி, ஸ்டாக் காரின் சாட்சியம். இது கனமான வண்டி. எடைக்கு ஏற்ற பிடிப்பும் இல்லை. காற்றின் அழுத்தமும் ஒப்பளவில் குறைவு. ஆகவே திருப்பங்களில் வண்டி எப்போதும் வழுக்கலின் விளிம்பிலேயே நிற்கும். பின்புறம் நழுவ முற்படுவது ஒரு குணம். முன்புறம் திரும்ப மறுப்பது மற்றொரு குணம். காலையில் ஒரு குணத்தோடு இருந்த வண்டி, வெயில் ஏறிப் பாதை சூடேறியதும் வேறு குணம் கொள்ளும். டயர் தேயத் தேய மறுபடியும் மாறும். சார்லட் நகரில் நடைபெறும் நீண்ட பந்தயத்தின் தொலைவு 600 மைல். அதாவது ஏறத்தாழ 965 கிலோமீட்டர். பார்முலா ஒன் பந்தயம் பெரும்பாலும் 305 கிலோமீட்டர் அளவில் நின்றுவிடுகிறது. மூடிய வண்டிக்குள் வெப்பம் 50 பாகையையும் தாண்டுவதுண்டு. அந்த வெப்பத்தில் நான்கு மணி நேரம் அமர்ந்து, வண்டியின் குணம் எந்தத் திருப்பத்தில், எந்த இடத்தில், எவ்வளவு மாறிற்று என்பதை உணர்ந்து, வானொலிக் கருவி வழியே தம் குழுவினருக்குச் சொல்லவேண்டும். குழுவினர் அச்சொல்லை நம்பித்தான் அடுத்த முறை வண்டி நிற்கும்போது டயரின் காற்றழுத்தத்தையும் ஸ்பிரிங்கின் இறுக்கத்தையும் மாற்றுகின்றனர். நோயின் குறியைச் சரியாகச் சொல்லத் தெரிந்தவனுக்கே மருந்தும் சரியாகக் கிடைக்கும் அன்றோ?

அடுத்து, பிற வண்டிகளின் காற்றைக் கையாளும் கலை. புளோரிடா மாநிலத்து டேட்டோனா பந்தயப் பாதை 1959 ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. சுற்றளவு இரண்டரை மைல். திருப்பங்களில் பாதை 31 பாகை சாய்ந்து சுவர்போல் எழுந்து நிற்கிறது. மறு ஆண்டு அங்கே ஓட்டிய ஜூனியர் ஜான்சன், வேகம் குறைந்த தம் வண்டியை வேகமான வண்டியின் முதுகை ஒட்டிச் செலுத்தினால், தம் வண்டியும் அதே வேகத்தில் இழுத்துச் செல்லப்படுவதைப் பயிற்சியின்போது கண்டுகொண்டார். முன்வண்டி காற்றைக் கிழித்துக் கொடுக்கிறது. பின்வண்டிக்குத் தடை குறைகிறது. முன்வண்டியின் பின்னால் ஏற்படும் வெற்றிடத்தையும் பின்வண்டி நிரப்பிவிடுவதால், இரண்டும் சேர்ந்து செல்லும் வேகம் தனியே செல்லும் வேகத்தைவிடக் கூடுதலாகிறது. இந்த அறிவைக்கொண்டே ஜான்சன் 1960 ஆம் ஆண்டு டேட்டோனா 500 பந்தயத்தை வென்றார். அன்றுமுதல் அப்பாதையில் ஓட்டுபவருக்குக் கையின் திறனோடு, எவரோடு எப்போது சேர்வது, எப்போது பிரிவது என்னும் சதுரங்க அறிவும் வேண்டியதாயிற்று.

இடப்பக்கம் திரும்புவதைப் பற்றிய ஏளனத்துக்கும் இங்கேயே விடை கூறிவிடலாம். அது ஸ்டாக் காருக்கே உரிய பழக்கமன்று. இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்திலும் நான்கு திருப்பங்களும் இடப்பக்கமே. 1996 ஆம் ஆண்டில் அரி லுயென்டைக் என்னும் ஓட்டுநர் அங்கே தகுதிச் சுற்று நான்கினை, மணிக்கு 381 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட சராசரி வேகத்தில் ஓட்டினார். அவ்வேகத்தில் திரும்பும்போது, எந்தப் பக்கம் திரும்புகிறோம் என்பது ஓட்டுநருக்குப் பெரிய ஆறுதல் தருவதில்லை.

சக்கரங்கள் திறந்திருப்பதன் பொருளை இப்போது காண்போம். உருண்டு செல்லும் சக்கரத்தின் முன்முகம் கீழ்நோக்கி இறங்குகிறது. பின்முகம் மேல்நோக்கி ஏறுகிறது. முன்வண்டியின் பின்சக்கரத்தை, பின்வண்டியின் முன்சக்கரம் தொட்டுவிட்டால் என்னவாகும்? மேல்நோக்கி ஏறும் பரப்பின்மீது மற்றச் சக்கரம் முட்டுகிறது. உடனே பின்வண்டி ஏணியில் ஏறியதுபோல் வானில் எழும்பிவிடும். ஸ்டாக் காரில் சக்கரங்கள் உடலுக்குள் மறைந்திருப்பதால், பக்கத்தோடு பக்கம் உரசினாலும் தகடு நசுங்குவதோடு பெரும்பாலும் முடிந்துவிடும்.

இது வெறும் ஏட்டுப் பாடமன்று. 2011 ஆம் ஆண்டு அக்டோபர் 16 ஆம் நாள் லாஸ் வேகாஸ் நகரில், ஒன்றரை மைல் நீள்வட்டப் பாதையில், 34 இண்டிகார் வண்டிகள் ஸ்டாக் கார்களைப்போல் நெருங்கிய கூட்டமாக ஓடின. பதினோராம் சுற்றில் சக்கரத்தோடு சக்கரம் தொட்டது. 15 வண்டிகள் சிக்கின. இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தை 2005 இலும் அதே 2011 இலும் வென்ற டான் வெல்டன், வண்டி எழும்பிப் பறந்து வேலியில் மோதியதால் உயிரிழந்தார். அடுத்த ஆண்டு வரவிருந்த புதிய இண்டிகார் வண்டியைச் சோதித்து ஓட்டியவரும் அவரே. அவ்வண்டிக்குப் பின்னர் அவர் பெயரின் முதலெழுத்துகளே சூட்டப்பட்டன. ஸ்டாக் கார் மட்டும் அபாயமற்றது என்று எண்ணிவிடலாகாது. ஏழு முறை பட்டம் வென்ற டேல் எர்ன்ஹார்ட், 2001 ஆம் ஆண்டு டேட்டோனா 500 பந்தயத்தின் கடைசிச் சுற்றில் சுவரில் மோதி மாண்டார். ஆயினும், ஓர் அடி இடைவெளி விடுவதா, ஒரு முழ இடைவெளி விடுவதா என்னும் தீர்மானம் இரு பந்தயங்களிலும் ஒன்றாக இருக்க முடியாது என்பதை லாஸ் வேகாஸ் நிகழ்ச்சி காட்டிற்று. ஒருவகை வண்டியில் துணிவாக விளங்குவது, மற்றொரு வகை வண்டியில் பேதைமையாகிவிடுகிறது.

இரண்டாம் வகைச் சாட்சிகளான மனிதர்களை இனி அழைப்போம். இவர்களுள் தலையாயவர் மாரியோ ஆண்ட்ரெட்டி. இத்தாலியிலிருந்து இளமையில் அமெரிக்காவில் குடியேறிய இவர், 1967 இல் டேட்டோனா 500, 1969 இல் இண்டியானாபொலிஸ் 500, 1978 இல் பார்முலா ஒன் உலகப் பட்டம் ஆகிய மூன்றையும் வென்றார். இம்மூன்றையும் வென்றவர் வேறெவரும் இல்லை. ஏ. ஜே. பாய்ட் என்பவர் இண்டியானாபொலிஸ் பந்தயத்தை நான்கு முறையும், 1972 இல் டேட்டோனா 500 பந்தயத்தையும் வென்றார். டோனி ஸ்டூவர்ட் முதலில் திறந்த சக்கர வண்டியில் பட்டம் பெற்று, பிறகு நாஸ்கார் பட்டத்தை 2002, 2005, 2011 ஆகிய ஆண்டுகளில் வென்றார். 2001 ஆம் ஆண்டில் ஒரே நாளில் இண்டியானாபொலிஸ் 500 மைல்களையும் சார்லட் 600 மைல்களையும் முற்ற ஓட்டி, முன்னதில் ஆறாமிடமும் பின்னதில் மூன்றாமிடமும் பெற்றவர் அவர்.

இவர்களை மட்டும் கேட்டால், திறமை உள்ளவனுக்கு எந்த வண்டியும் ஒன்றே என்று தோன்றும். மறுபக்கச் சாட்சிகளையும் கேட்கவேண்டும். கொலம்பியா நாட்டு ஹுவான் பாப்லோ மொண்டோயா, பார்முலா ஒன்னில் ஏழு பந்தயங்களை வென்றவர். 2007 முதல் 2013 வரை நாஸ்காரில் முழுநேரமாக ஓட்டியும், அதன் முதன்மைத் தொடரில் இரண்டே வெற்றிகள் பெற்றார்; 2007 இல் சோனோமா, 2010 இல் வாட்கின்ஸ் கிளென். இரண்டும் இருபக்கமும் வளைந்து செல்லும் சாலைவகைப் பாதைகள். நீள்வட்டத்தில் வெற்றி கிட்டவில்லை. ஆனால் 2009 இல் இண்டியானாபொலிஸில் 160 சுற்றுகளில் 116 சுற்றுகள் முன்னணியில் இருந்தார். வண்டி பழுதுபார்க்கும் ஒழுங்கையில் வேகவரம்பை மீறியதற்கான தண்டனையே வெற்றியைப் பறித்தது. மூன்றே ஆண்டுகளில் அவர் எவ்வளவு கற்றுவிட்டார் என்பதற்கு இதுவே சான்று. டாரியோ பிரான்கிட்டி 2007 இல் இண்டிகார் பட்டம் வென்று 2008 இல் நாஸ்காருக்குச் சென்றார், பயன் விளையவில்லை, ஆண்டின் நடுவில் அவர் அணியே மூடப்பட்டது. திரும்பி வந்து 2009, 2010, 2011 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் தொடர்ந்து இண்டிகார் பட்டம் வென்றார். நாஸ்காரில் தடுமாறிய அதே கைகள்தாம் அவை.

எதிர்த்திசையில் சென்றவர் ஜிம்மி ஜான்சன். நாஸ்கார் பட்டத்தை ஏழு முறை வென்ற இவர், 2021 இல் இண்டிகாருக்கு மாறினார். சாலைவகைப் பாதைகளில் அவர் பின்வரிசையிலேயே நிற்க நேர்ந்தது. மறு ஆண்டு நீள்வட்டப் பாதைகளிலும் ஓட்டத் தொடங்கியபோது, அயோவாவில் ஐந்தாமிடம் பெற்றார். மொண்டோயாவின் கதையையும் ஜான்சனின் கதையையும் அருகருகே வைத்துப் பாருங்கள். புது வண்டியில் ஏறிய ஒவ்வொருவருக்கும் பழகிய வகைப் பாதை கைகொடுக்கிறது. பழகாத வகைப் பாதை காலை வாருகிறது. ஆகவே வேறுபாடு வண்டியில் மட்டும் இல்லை, பாதையிலும் இருக்கிறது.

இந்த இரு உலகங்களையும் கண்ட தமிழர் ஒருவரும் உண்டு. கோயம்புத்தூர் தந்த நரேன் கார்த்திகேயன், 2005 ஆம் ஆண்டில் ஜோர்டான் அணியில் ஓட்டி, பார்முலா ஒன் பந்தயத்தில் கலந்துகொண்ட முதல் இந்தியர் ஆனார். 2010 ஆம் ஆண்டில் நாஸ்காரின் டிரக் பந்தயத் தொடரில் இறங்கினார். அவர் முதலில் ஓட்டிய மார்ட்டின்ஸ்வில் பாதை, ஏறத்தாழ அரை மைல் சுற்றளவே உடையது. இரு நேர்கோடுகளும் இரு குறுகிய வளைவுகளுமாக, காகிதங்களைச் சேர்த்துப் பிடிக்கும் கம்பிக் கிளிப்பின் வடிவில் அமைந்தது. மறு ஆண்டு அவர் பார்முலா ஒன்னுக்கே திரும்பினார்.

“எல்லோருக்கும் ஒரே வண்டியைக் கொடுத்துப் பார்த்தால் உண்மை விளங்கிவிடாதா?” என்று சில மாணவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாள் என்பது பழமொழி. பந்தயத்தில் கூடம் உண்மையிலேயே கோணலாக இருப்பதும் உண்டு. நல்ல வண்டி கிட்டாமல் பின்தங்கிய நல்ல ஓட்டுநர்கள் பலர். அதனால்தான் 1973 இல் பன்னிரண்டு புகழ்பெற்ற ஓட்டுநர்களைத் திரட்டி, ஒரே வகைப் போர்ஷே வண்டிகளைக் கொடுத்து ஒரு போட்டி நடத்தினார்கள். நாஸ்காரிலிருந்து ரிச்சர்ட் பெட்டியும் டேவிட் பியர்சனும், பார்முலா ஒன்னிலிருந்து எமர்சன் பிட்டிபால்டியும் டெனி ஹல்மும், இண்டியானாபொலிஸிலிருந்து பாய்ட்டும் பாபி அன்சரும் வந்தனர். 1974 இல் முடிந்த அப்போட்டியில் வென்றவர் மார்க் டோனஹியூ. அவர் இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தையும் ஒரு நாஸ்கார் பந்தயத்தையும் வென்றவர். அதோடு போர்ஷே பந்தய வண்டிகளோடு நன்கு பழகியவர். அடுத்துவந்த ஆண்டுகளில் அப்போட்டியின் வண்டி அமெரிக்கக் காராக மாறிற்று. பந்தயங்களும் பெரும்பாலும் நீள்வட்டப் பாதைகளுக்குச் சென்றன. 1970களில் பாபி அன்சர், பாய்ட், அல் அன்சர், ஆண்ட்ரெட்டி என்று இண்டியானாபொலிஸ் வீரர்கள் வென்ற போட்டியில், பிற்காலத்தில் டேல் எர்ன்ஹார்ட் நான்கு முறையும் மார்க் மார்ட்டின் ஐந்து முறையும் வென்றனர். இருவரும் நாஸ்கார் வீரர்கள். ஒரே வண்டி என்பது உண்மை. ஆனால் எந்த வண்டி, எந்தப் பாதை என்று தேர்ந்தெடுக்கும்போதே, தராசின் ஒரு தட்டில் விரல் பட்டுவிடுகிறது.

நேயர்களே, இனித் தீர்ப்புக்கு வருவோம். ஒகேனக்கல் சுழலில் பரிசல் தள்ளுபவரையும், கடலலையைக் கடந்து கட்டுமரம் செலுத்துபவரையும் ஒப்பிட்டு, இவருள் துடுப்புப் போடத் தெரிந்தவர் எவர் என்று எவரும் கேட்பதில்லை. நீர் ஒன்றுதான், ஆனால் அது கேட்கும் வித்தை வேறு. திறந்த சக்கர வண்டி துல்லியத்தையும் விரைந்த தீர்மானத்தையும் கேட்கிறது. ஸ்டாக் கார் பொறுமையையும், வழுக்கலை அடக்கும் கையையும், பிறர் மனத்தை அறியும் அறிவையும் கேட்கிறது. திறன் என்பது ஓட்டுநருக்குள் பூட்டி வைத்த ஒரே பொருளன்று. ஓட்டுநரும் வண்டியும் பாதையும் சேரும் இடத்தில் விளைவது அது.

அப்படியானால் ஒப்பிடவே முடியாதா எனில், ஓரளவு முடியும் என்றே நான் கருதுகிறேன். இரு பந்தயங்களுக்கும் பொதுவான ஒன்று உண்டு. டயரின் பிடிப்பு எந்தக் கணத்தில் அற்றுப்போகும் என்பதை, அற்றுப்போகும் முன்பே உடலால் உணரும் உணர்வு. ஆண்ட்ரெட்டி, பாய்ட், ஸ்டூவர்ட் ஆகிய மூவரும் இளமையில் மிட்ஜட், ஸ்பிரிண்ட் எனப்படும் சிறு வண்டிகளில் ஓடி வளர்ந்தவர்கள். மண் பாதைகளில் அவ்வண்டிகள் வழுக்கிக்கொண்டே திரும்புபவை. அவற்றின் சக்கரங்கள் திறந்தவை; ஓடும் விதமோ ஸ்டாக் காரை ஒத்தது. ஒரு வண்டிக்கு மட்டும் கை பழகுவதற்கு முன்பே, பல வண்டிகளுக்கும் பொதுவான உணர்வு அவர்களிடம் ஊறிவிட்டது. மாறிச் சென்று வென்றவர்களின் வரலாற்றில் நான் காணும் பொதுக் காரணம் இதுவே.

ஆகவே ஓர் ஓட்டுநரின் பெருமையை அளக்க விரும்பும் மாணவர்கள், அவர் எத்தனை கோப்பை வென்றார் என்பதோடு நின்றுவிடாமல், பழகாத வண்டியிலும் பழகாத பாதையிலும் முதல் நாள் எங்கே நின்றார், ஓராண்டு கழித்து எங்கே நின்றார் என்பதையும் பாருங்கள். இவ்விரு இடங்களுக்கும் இடையேயுள்ள தொலைவே அவர் கற்கும் ஆற்றலின் அளவு. முதல் நாள் பின்வரிசையில் நிற்பது எந்த வீரனுக்கும் இழுக்கன்று. ஏழு பட்டம் வென்றவர் தம் நாற்பத்தைந்தாம் வயதில் புதியவராகச் சென்று பின்வரிசையில் நின்றாரே, அந்த நெஞ்சுரத்தையும் நாம் திறமைக் கணக்கில் சேர்த்தே எண்ணவேண்டும்.